குடிக்கக் கூடாத டீ

ஆனந்தமேரியின் வீட்டுக் கேட்டைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி ஒரு கிறீச் சத்தம் வரும். கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. மில்லில் வேலை பார்ப்பவளுக்கு எண்ணெய்க்கா பஞ்சம்? ஆனாலும் அவள் விடவில்லை. யாராவது வந்தால் அடுப்படியில் இருந்தாலும் கேட்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள். அப்படி யார் வந்தார்கள் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் இல்லை. கரண்டு ரீடிங் எடுப்பவர் வருவார். காற்று பலமாக அடித்தால் கேட் தானாகவே ஒருமுறை திறந்து மூடும். அதற்கும் அவள் எட்டிப் பார்ப்பாள்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அப்பா கட்டிய வீடு. இரண்டு அறை, நீலம் அடித்த சுவர், மேற்குப் பார்த்து மரக்கம்பி போட்ட ஒரு பெரிய சன்னல். மேரி பத்தொன்பது வயதில் மில்லுக்குப் போனாள். இருபத்தாறில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி படித்தான், கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது, அங்கேயே பெண்ணும் கிடைத்தது. மேரிக்கும் வரன்கள் வந்தன. "அம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்று அவள் சொன்னதும் வந்த வரன்கள் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போயின. அம்மா போய்ச் சேர்ந்தபோது மேரிக்கு நாற்பத்தேழு. இப்போது ஐம்பத்து மூன்று. தம்பி கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். நல்ல பிள்ளைதான், குறை சொல்வதற்கில்லை. பேசி முடித்தபின் போன் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

மில் வடமதுரை ரோட்டில் இருக்கிறது. அவளுக்கு நூலைக் கோனில் சுற்றுகிற பகுதியில் வேலை. அந்த மெஷின்கள் போடுகிற இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் ஒரு சொல் விளங்காது. அதனால் மில்காரிகள் காதால் பேசிக்கொள்வதில்லை, கண்ணால் பேசிக்கொள்வார்கள். ஒருத்தி உதட்டை அகலமாக அசைத்துச் சத்தமே இல்லாமல் சொல்லுவாள், நாலு மெஷின் தள்ளி நிற்பவள் அதே மாதிரி பதில் சொல்லுவாள். மாமியார் சண்டையிலிருந்து மகள் கல்யாணம் வரைக்கும் எல்லாக் கதையும் அப்படித்தான் ஓடும். மீசையைத் தடவிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் வேலை முடிந்தாலும் விடாது. பஸ் ஸ்டாண்டில் மேரி உட்கார்ந்திருக்கும் பஸ்ஸுக்கு எதிரே பழனி பஸ் வந்து நிற்கும். அதன் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்சாதியும் என்ன சண்டை போடுகிறார்கள் என்று இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். ஊரில் எல்லார் பேச்சும் அவளுக்குத் தெரியும், அவளிடம் பேசுவதற்குத்தான் ஆள் கிடையாது.

பக்கத்து மெஷின் சண்முகவள்ளிதான் கொஞ்சம் நெருக்கம். வடமதுரைக்காரி. ஒரு கிறிஸ்துமஸுக்கு மேரி அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாள். "வாரேன்க்கா, புள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன்" என்றாள் அவள். மேரி கறி எடுத்து, பிரியாணி போட்டு, வாசலில் ஸ்டார் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வரவில்லை. மறுநாள் மில்லில், விருந்தாடி வந்துவிட்டார்கள் என்று சண்முகவள்ளி உதட்டை அசைத்தாள். பரவாயில்லை என்று மேரியும் உதட்டை அசைத்தாள். பொய்யாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், வீடென்றால் யாராவது வரத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பிரியாணியை மூன்று வேளை தனியாகத் தின்றபிறகு, இனி ஒருத்தரையும் வாய் திறந்து வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று மேரி முடிவு பண்ணிவிட்டாள். காரணம் இருந்து வருபவர்கள் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு காரணம் வரவும் செய்தது. போன தை மாதம் சண்முகவள்ளி டீ நேரத்தில் கேட்டாள். அவள் மகள் சுகன்யா திண்டுக்கல்லில் ஒரு காலேஜில் விஸ்காம் படிக்கிறாள். வீடியோ எடுக்கிற படிப்பு. கடைசி வருசத்துக்கு ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டுமாம், அதற்குப் பழைய சன்னல் வைத்த வீடு வேண்டுமாம். "உங்கம்மா எறந்தன்னைக்கு வந்தப்ப பாத்தேன்ல, அந்தச் சன்னலைச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதக்கா."

மேரி கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் சன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட் கிறீச்சிட்டது. மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் சுகன்யா, அம்மா சாயலில் ஒல்லியாக, கண்ணாடி போட்டவள். பின்னால் கேமரா பையோடு தப்ரேஸ், பேகம்பூர்க்காரன். அவனுக்கும் பின்னால் கிடாரைத் தூக்கிக்கொண்டு இளஞ்செழியன். பாட்டு அவன் எழுதி அவனே பாடியது. எடுப்பவள் சுகன்யா. வந்ததும் மூன்று பேரும் சன்னலைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"பெரிம்மா, ஒரே ஒரு ஒதவி. பாட்டுல வர்ற அந்த லேடியா நீங்களே ஒக்காந்துருறீங்களா? எங்களுக்கு வேற ஆளு கெடைக்கல."

அம்மா அக்கா என்று கூப்பிடுவதால் மகள் பெரிம்மா என்கிறாள், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. மேரிக்கு மட்டும் அது விசேஷமாகக் கேட்டது. "நான் என்னத்தத்தா நடிக்கப் போறேன்?" என்றாள்.

"நடிக்கவே வேணாம். சும்மா இருக்கணும். அதான் இதோட விதி."

இந்த இண்டிப் பாட்டு என்று சொல்கிறார்களே, சினிமா கம்பெனி இல்லாமல் பிள்ளைகள் தாங்களே எடுத்துப் போனில் ஏற்றிவிடுவது, அதற்கென்று விதிகள் இருக்கின்றன. சடங்கு தோற்றுப்போகும். சினிமாப் பாட்டு மாதிரி கூட்டமாக ஆடக் கூடாது. ஒரே ஆள், அதுவும் தனி ஆள். அந்த ஆள் சன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். நடந்தால் கேமரா பின்னாலிருந்துதான் எடுக்கும், முன்னால் வராது. போன் அடிக்க வேண்டும், எடுக்கக் கூடாது. ஃபேன் ஒரு தடவையாவது சுற்ற வேண்டும். கேமரா லேசாக ஆட வேண்டும், ஆடாவிட்டால் காசு போட்டு எடுத்த மாதிரி தெரிந்துவிடுமாம். பாட்டை வாயசைத்துப் பாடக் கூடாது. கலர், ஒன்று நீலத்தில் முக்கியெடுத்த மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சத்தண்ணியில். சிரிப்பு மட்டும் எங்கேயும் வந்துவிடக் கூடாது. சொந்தமாக எடுப்பதுதான் இண்டி என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கிறார்கள். இதைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அவர்களுடைய நாசர் சார் கொடுத்த வேலையே அதுதான். ஒரு வகையை எடுத்துக்கொள், அதன் விதி ஒவ்வொன்றையும் பிசகாமல் செய்து காட்டு, அப்புறம்தான் மீறுவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார்.

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி இருந்தது. டீ. மேசையில் ஒரு டம்ளர் டீ ஆவி பறக்க இருக்க வேண்டும். அவள் அதைக் குடிக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து சன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டீ ஆறிப்போக வேண்டும்.

"ஏன் குடிக்க மாட்டா?" என்று கேட்டாள் மேரி.

"யாருக்கோ காத்திருக்கா பெரிம்மா."

"காத்திருக்கவ டீயைக் குடிச்சுப்புட்டுக் காத்திருந்தா என்ன? ஆறிப்போன டீயை வந்தவுகளுக்கும் குடுக்க முடியாது, தானும் குடிக்க முடியாது."

இளஞ்செழியன் சிரித்துவிட்டான். சுகன்யா மட்டும் யோசித்தாள். "கரெக்டுதான். ஆனா எல்லாரும் அப்பிடித்தான் எடுக்காக" என்றாள்.

அந்தச் சன்னலில் வெயில் உள்ளே இறங்குவது சாயங்காலம் செத்த நேரம்தான். நீலச் சுவரில் கம்பி நிழல் விழும், அப்புறம் எதிர்வீட்டு மாடி மறைத்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும். மேரியை வெளிர்ப்பச்சைச் சேலை கட்டச் சொன்னார்கள். சன்னலுக்குப் பக்கத்தில் அம்மா காலத்துக் கண்ணாடி வைத்த பீரோ நின்றது. கண்ணாடியில் இவர்கள் தெரிவார்கள் என்று அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். ஆளில்லாத வீடு என்றல்லவா பாட்டு? இளஞ்செழியன் ஸ்பீக்கரில் பாட்டைப் பெரிதாக வைத்தான்.

வாசல் வரைக்கும் வந்த வெயிலு
உள்ள வந்து ஒக்காரலையே

தப்ரேஸ் அடுப்படிக்குப் போய் அவனே டீ போட்டு எடுத்து வந்தான். இஞ்சி தட்டிப் போட்டிருந்தான். மேரியின் முன்னால் வைத்துவிட்டுக் கேமராவுக்குப் போனான். மேரி டம்ளரைப் பார்த்தாள். அவளுக்கு இன்னொருத்தர் டீ போட்டுக் கொடுத்து எத்தனை காலம் ஆகிவிட்டது? அம்மா படுத்ததிலிருந்து கிடையாது. கை தானாகப் போயிற்று. எடுத்து ஒரு வாய் குடித்தாள். நல்ல டீ. இன்னொரு வாயும் குடித்தாள். சுகன்யா "கட்" என்றபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அய்யய்யோ, குடிச்சுப்புட்டேனே!"

திரும்ப டீ போடுவதற்குள் சுவரிலிருந்து வெயில் இறங்கிவிட்டது. சுகன்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பரவால்ல பெரிம்மா. அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம். இந்தச் சேலையவே கட்டிக்கங்க, மாறிருச்சுன்னா தெரிஞ்சுபோகும்."

அவர்கள் போனபின் மேரி அந்தச் சேலையை அலசி, தனியாக மடித்து வைத்தாள். வாரம் முழுக்க அது பீரோவில் இருக்கிறது என்ற நினைப்பு மில்லில் கூட அவளோடு இருந்தது.

இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து நேரே கறிக்கடைக்குப் போனாள். கறிக்குழம்பு, ரசம், வெஞ்சனத்துக்கு அவரைக்காய். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தின்றார்கள். தப்ரேஸுக்குத் தயங்கித் தயங்கி, "அல் அமீன் கடையிலதாம்ப்பா எடுத்தேன், ஹலால்தான்" என்று சொன்னாள். அவன் "அது எனக்கு வாசத்துலயே தெரிஞ்சுருச்சு பெரிம்மா" என்று இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டான். வீட்டுக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தன் கிடாரை மீட்டினான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கும்போது யார் காலாவது தட்டியது. மேரிக்கு அழுகை வரும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இப்படி இருக்கிறவளை உட்கார வைத்து, தனியாக இருக்கிற மாதிரி இருங்கள் என்றால் எப்படி இருப்பாள்? தனியாக இருப்பது எப்படி என்று அந்த ஊரில் அவளைக் கேட்டால் போதும், வகுப்பே எடுப்பாள். ஆனால் அந்தத் தனிமையைப் படம் எடுக்க வேண்டுமானால் அவர்கள் போனபிறகுதான் எடுக்க வேண்டும். பாட்டு ஓடியது. வெயில் இறங்கியது. டீ ஆவி பறந்தது. மேரி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்று சரியாகச் செய்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வர மாட்டார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மேரி சிரித்தாள்.

"சிரிப்பு வந்துருச்சுத்தா. மன்னிச்சுக்க" என்றாள். சிரிப்பு தானாக வரவில்லை. வரவழைத்தாள். அது அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ஞாயிறு டீயைக் குடித்தாள். இந்தத் தடவை மறந்துபோய் இல்லை. பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கும்போது டம்ளரை நிதானமாக எடுத்து, ஒரு மிடறு குடித்து, வைத்துவிட்டாள். சுகன்யா கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மேரி எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி சன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அன்றைக்கு வெயில் நன்றாக விழுந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பாட்டு முடிந்ததும், "குடிச்சுட்டீகளா பெரிம்மா?" என்றாள் சுகன்யா. "சரி, விடுங்க. அடுத்த வாரம் பாத்துக்கிருவோம்."

அன்று ராத்திரி முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும்போது இது பாவத்தில் சேருமா என்று மேரி யோசித்தாள். சேரும் என்றுதான் பட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிறுக்கு மீன் எடுக்கலாமா என்று அடுத்த நிமிசமே யோசித்தாள்.

நான்காவது ஞாயிறு மீன்தான். சாப்பிட்டு முடித்து தப்ரேஸ் கொல்லையில் கை கழுவப் போனவன் அங்கேயே நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அடுப்படிச் சன்னல் வழியாக மேரி அவன் வாயைப் பார்த்தாள். கேட்கக்கூடத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளி வாங்கியாயிற்று. சுகன்யாதான் சாரிடம் போய் நின்று கெஞ்சினாள். இன்றைக்கும் எடுக்கவில்லை என்றால் சார் அவளுக்கு அரியர்தான் போடுவார்.

மேரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையை அப்படியே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. சண்முகவள்ளி மில்லில் பஞ்சைத் தின்று படிக்க வைக்கிற பிள்ளை. அதன் படிப்பைப் பிடித்து இழுத்து, தன் வீட்டுக்குள் இவள் கட்டிப்போடப் பார்த்திருக்கிறாள்.

வெயில் இறங்கியது. மேகம் ஒன்று குறுக்கே வந்து கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. மேரி போய் உட்கார்ந்தாள். தப்ரேஸ் டீயை வைத்தான். பாட்டு ஆரம்பித்தது. அவள் ஒன்றும் நடிக்கவில்லை. இது முடிந்ததும் இவன் கேமராவைப் பைக்குள் வைப்பான், அவன் ஒயரைச் சுற்றுவான், இவள் "வாரோம் பெரிம்மா" என்பாள், கேட் ஒருமுறை கிறீச்சிடும் என்று வரிசையாக நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். டீயின் ஆவி அடங்கி, மேலே ஆடை படிந்தது. பாட்டு நின்றபிறகும் சுகன்யா கட் சொல்ல மறந்துபோனாள்.

"போதுமாத்தா?" என்று மேரிதான் கேட்டாள்.

"போதும் பெரிம்மா" என்றாள் சுகன்யா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

கேமரா பைக்குள் போனது. ஒயர் சுற்றப்பட்டது. கேட் கிறீச்சிட்டது. மேரி ஆறின டீயை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி நீளமாயின. கறிக்கடைக்காரர் "என்னம்மா, இப்பல்லாம் காணோம்?" என்று கேட்டார். அவரைக்காய் வாங்கினால் வாடுகிற வரைக்கும் கிடந்தது. டிவியைச் சத்தமாக வைத்தாள். வெளிர்ப்பச்சைச் சேலையைக் கட்டவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள். மில்லில் சண்முகவள்ளியிடம் மகளைப் பற்றிக் கேட்கலாம்தான். கேட்டால், வரச்சொல் என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் சுகன்யாவே போன் பண்ணினாள். எல்லாருடைய வீடியோவையும் காலேஜில் பெரிய திரையில் போடுகிறார்கள், கட்டாயம் வர வேண்டும் என்றாள். மேரி லீவு சொன்னாள். அவள் லீவு கேட்டதில் சூப்பர்வைசரே ஆச்சரியப்பட்டு மீசையைத் தடவினார். பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

காலேஜ் ஹாலில் ஏசி குளிர்ந்தது. முதலில் நாலைந்து பேருடைய பாட்டுகள் ஓடின. எல்லாவற்றிலும் ஒரு பையனோ பெண்ணோ தனியாக இருந்தார்கள். சன்னல் இருந்தது. எடுக்காத போன் இருந்தது. ஒன்றில் காபி ஆறியது. முடிந்ததும் எழுத்து ஓடும், அதில் ஒரு தெருவுக்கே காணும் அளவுக்குப் பெயர்கள் இருந்தன. இத்தனை பேர் கூடி நின்று ஒருத்தரைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று மேரிக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் அவள் வீடு வந்தது. அவ்வளவு பெரிய திரையில் அந்த நீலச் சுவரைப் பார்த்ததும் வேறு யார் வீடோ போலிருந்தது. டீயை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹாலில் பேச்சு நின்றது. மேரியும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அய்யோ, இவ்வளவு தனியாகவா இருக்கிறோம் என்று இருந்தது அவளுக்கு. தினமும் உள்ளே இருப்பது தெரியாது, வெளியே உட்கார்ந்து பார்த்தால் தெரிகிறது. பக்கத்தில் யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

திரையில் அவள் எழுந்து சன்னலுக்குப் போனாள். கம்பி நிழல் முகத்தில் விழுந்தது. பாட்டு முடிந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நாசர் சார் மட்டும் கையைத் தூக்கினார்.

"நல்லாருக்கு. எல்லா விதியும் கரெக்டா இருக்கு. ஆனா அந்தச் சன்னல் ஷாட்டுக்குப் பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். நிறுத்து. அது என்ன, பீரோவுல?"

அந்தச் சன்னல் காட்சி மூன்றாவது ஞாயிறு எடுத்தது. கடைசி நாள் மேகம் வந்ததால், வெயில் நன்றாக இருந்த அன்றைய துண்டைச் சுகன்யா ஒட்டியிருந்தாள். அன்று போர்வை ஒரு பக்கம் நழுவியிருந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பீரோக் கண்ணாடியில் மூன்று பேரும் பளிச்சென்று நின்றார்கள். கேமராவில் குனிந்திருக்கிற தப்ரேஸ், ஸ்பீக்கரை மார்போடு அணைத்த இளஞ்செழியன், நடுவில் சுகன்யா.

"ஆளே இல்லாத வீடுன்னு பாட்டு. பீரோவுக்குள்ள ஒரு கல்யாணக் கூட்டமே நிக்குது" என்றார் சார். ஹால் முழுக்கச் சிரித்தது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, இப்பிடி விடக் கூடாது" என்று அந்தத் துண்டைத் திரும்ப ஓட்டச் சொன்னார். திரும்பவும் ஓட்டினார்கள். சுகன்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேரி சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் சுகன்யாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. வீடியோவில் பாட்டுச் சத்தம் மட்டும்தான், அவள் பேசியது ஒருத்தருக்கும் கேட்காது. ஆனால் அவள் மில்காரி மகள். இரைச்சலுக்கு நடுவில் பேசுவதென்றால் அம்மாவைப் போல வாயை அகலமாகத் திறந்து பேசுகிற பழக்கம் அவளுக்கும் உண்டு. முதல் தடவை மேரிக்குப் பாதிதான் பிடிபட்டது. இரண்டாம் தடவை முழுக்க வந்தது. தப்ரேஸைப் பார்த்து அவள் சொல்கிறாள்:

"வேணும்னுதான்டா குடிக்கிறாங்க. குடிக்கட்டும், விடு. அடுத்த வாரமும் வருவோம்."

மேரிக்குக் காது ரெண்டும் சூடாகியது. அப்படியே எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. தெரிந்திருக்கிறது. தான் திருட்டுத்தனமாகச் செய்தது எல்லாம் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சாரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள். தெரிந்துதான் நான்காவது ஞாயிறும் கேட்டைத் திறந்திருக்கிறாள். அந்த வாரம் அவள் வந்தது வீடியோவுக்காக மட்டும் இல்லை. வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நிரம்பியது. அதற்குப் பெயர் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, கண் மட்டும் நனைந்தது.

வராண்டாவில் சுகன்யா ஓடிவந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்ணும் சிவந்திருந்தது. "மானம் போச்சு பெரிம்மா. மார்க்கக் கொறச்சுட்டார். இன்னைக்கே அந்தத் துண்ட வெட்டி எடுத்துருவேன்."

"சாருக்குக் குடுக்குறதுல வெட்டிக்க. எனக்கு ஒண்ணு அப்பிடியே குடு."

"அது தப்புல்ல பெரிம்மா?"

"எனக்கு அதான் வேணும்த்தா."

சுகன்யா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். மேரிக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. வருசக்கணக்காக ஒருத்தரிடமும் சொல்லாத சொல், அவ்வளவு எளிதில் வெளியே வருமா? அந்த நேரத்தில் ஹால் கதவைத் திறந்துகொண்டு யாரோ வெளியே வந்தார்கள். உள்ளே அடுத்த குழுவின் பாட்டு, டிரம்ஸ் அதிர, வராண்டாவையே நிறைத்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காத இரைச்சல். மேரிக்குப் பழகின இரைச்சல்.

அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. கேமரா வேணாம். சும்மா வா."

சுகன்யாவின் கண்கள் மேரியின் உதட்டிலேயே நின்றன. அப்புறம் மெதுவாகத் திரும்பி, கதவுக்குள் தெரிந்த திரையைப் பார்த்தாள், மறுபடி மேரியைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீரோக் கண்ணாடிக்குள் தான் பேசியது பெரிம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கிவிட்டது. கையை எடுத்துவிட்டு அவளும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"வாரேன்."

வாரேன் என்று அவள் அம்மாவும்தான் ஒருமுறை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மேரிக்கு அது நினைப்பிலேயே இருந்தது. பிரியாணி எல்லாம் போடவில்லை. சாயங்காலம் இஞ்சி தட்டி டீ மட்டும் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி மேசையில் வைத்தாள். சன்னலில் வெயில் இறங்கியது. பீரோக் கண்ணாடியில் போர்வை கிடையாது, அதில் அவளும் சன்னலும் இரண்டு டம்ளரும் தெரிந்தன. குடிக்கலாம், யாரும் கட் சொல்லப் போவதில்லை. ஆனால் கை போகவில்லை. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, விதியை எழுதினவர்கள் தெரியாமல் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆவி அடங்கியது. மேலே ஆடை படிந்தது. எதிர்வீட்டு மாடி வெயிலை மறைக்க ஆரம்பித்தது. விருந்தாடி வந்திருப்பார்கள், வீடென்றால் யாராவது வரத்தான் செய்வார்கள் என்று மனதைத் தேற்றத் தொடங்கினாள்.

கேட் கிறீச்சிட்டது. காற்றாக இருக்கும் என்று அவள் எழுந்திருக்கவில்லை.

"பஸ்ஸே கெடைக்கல பெரிம்மா" என்றபடி சுகன்யா உள்ளே வந்தாள். பை இல்லை, கேமரா இல்லை, கையில் ஒன்றுமே இல்லை. மேசையைப் பார்த்தாள். "அய்யோ, டீ ஆறிப்போச்சா?"

"ஆறுனா ஆறிட்டுப் போகுது. ஒக்காரு, வேற போடுறேன்" என்று மேரி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.